கோடை வெயிலும் கொக்கி ஊசியும்

விதை, மண், மட்கு, பூச்சி விரட்டி என்று எத்தனையோ பாடங்களைப் பார்த்துவிட்டோம். இந்த முறை வயலை விட்டு வீட்டுக்குள் வருவோம். அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் நடக்கிற வேலையும் வேளாண்மைதான். விளைந்ததைக் கெடாமல் வைத்துக்கொள்வதும், கடைக்குப் போகிற காசை வீட்டிலேயே நிறுத்துவதும் நம்ம பண்ணைக் கணக்கில் வரவேண்டிய வரவுகள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுங்க. போன மாதம் உங்க வீட்டுக்குக் கடையிலிருந்து வந்ததை ஒரு தாளில் எழுதுங்க. வத்தல் பொட்டலம் எத்தனை, அப்பளம், ஊறுகாய், குளிர்பானம் எத்தனை, பாத்திரம் தேய்க்கிற நைலான் நார் எத்தனை, காய் வாங்கி வந்த பிளாஸ்டிக் பை எத்தனை என்று பாருங்க. பக்கத்திலேயே, அதே மாதம் உங்க தோட்டத்தில் விலை போகாமல் கிடந்ததையும் எழுதுங்க. சந்தையில் கேட்பாரில்லாத சின்ன வெங்காயம், காற்றில் உதிர்ந்த மாங்காய், முற்றப்போகிற கொத்தவரை, பறிகூலிக்குக் கட்டாத பச்சை மிளகாய், நெல் குத்தும்போது விழுந்த குருணை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் மலிவாகத் தள்ளிவிடுவதையே இன்னொருவர் பொட்டலம் கட்டி நமக்கு விற்கிறார் என்பது புரியும்.

இந்த ஓட்டையை அடைக்கத் தோதான காலம் பங்குனி, சித்திரை, வைகாசி. சம்பா அறுவடை முடிந்திருக்கும். வயலில் வேலை குறைவு, வெயிலுக்குக் குறைவில்லை. மதியம் பதினோரு மணிக்குமேல் காட்டில் நிற்க முடியாத அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்து செய்யவும் ஒரு கைவேலை வேண்டும். அதனால் இந்தப் பாடத்தில் இரண்டு பகுதி. முதல் பகுதி வெயிலில் காய்கிற வற்றல், வடகம். இரண்டாவது, நிழலில் செய்கிற குரோஷா பின்னல். இரண்டுக்கும் பெரிய முதல் தேவையில்லை.

முதல் பகுதி: வெயிலைச் சேமிப்பது

காய வைத்தால் ஏன் கெடுவதில்லை?

பச்சைக் காய்களில் பெரும்பாலும் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு தண்ணீர்தான். அந்த ஈரத்தில்தான் பூஞ்சணமும் பாக்டீரியாவும் வாழ்கின்றன. ஈரத்தை எடுத்துவிட்டால் அவற்றால் பெருக முடியாது. உப்பு செய்வதும் இதே வேலைதான், காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிறது. புளித்த மோரில் இருக்கிற லாக்டிக் அமிலம் இன்னொரு காவல். வெயில், உப்பு, புளிப்பு என்ற இந்த மூன்றையும் சேர்த்துத்தான் நம்ம பாட்டிமார் மோர் மிளகாய் போட்டார்கள். வேதிப் பாதுகாப்பான் எதுவும் இல்லாமலே அது ஒரு வருடம் நின்றது.

இயற்கை உழவர்களுக்கு இதில் இன்னொரு சேதியும் உண்டு. ஒரு கிலோ பச்சை மிளகாய் காய்ந்தால் கால் கிலோவுக்கும் கீழே வந்துவிடும். தண்ணீர் போகப் போக உப்பும் காரமும் செறிவதுபோல, தெளித்த மருந்தின் மிச்சம் இருந்தால் அதுவும் செறிய இடமுண்டு. அதனால் வற்றலுக்கு மருந்தில்லாத காய்தான் சரி. நம்ம தோட்டத்துக் காய்க்கு மதிப்பு கூடுகிற இடம் இது.

காய வைக்கும் முறை

1. காலை 9 மணிக்கு மேல் பரப்பி, மாலை 4 மணிக்குள் எடுத்துவிடுங்கள். பனி இறங்குகிற வரை வெளியே விட்டால் பகலெல்லாம் போன ஈரம் திரும்ப ஏறிவிடும்.

2. மூங்கில் தட்டு, ஓலைப் பாய், பழைய பருத்தி வேட்டி இவற்றில் காய வையுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம். சூட்டில் அது உணவுக்கு நல்லதல்ல, அடியில் ஈரமும் தேங்கும். தட்டைக் கயிற்றுக் கட்டிலின்மேல் வைத்தால் அடியிலும் காற்று புகுந்து சீக்கிரம் காயும்.

3. ஈயும் தூசியும் படாமல் மேலே மெல்லிய துணியால் மூடுங்கள். துணி காயைத் தொடாமல் இருக்கட்டும்.

4. காய்ந்ததும் சூட்டோடு ஜாடியில் போடாதீர்கள். நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

5. கீரை, கறிவேப்பிலை, முருங்கையிலை இவற்றை நிழலில் காய வையுங்கள். நேர் வெயிலில் நிறமும் சத்தும் கூடுதலாகப் போகும்.

6. பூஞ்சணம் பிடித்ததைக் கழுவி மறுபடி காய வைத்துச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். மிளகாயிலும் நிலக்கடலையிலும் வருகிற ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. அப்படிப்பட்டதை மாட்டுக்கும் கோழிக்கும் போடாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

இனிச் செய்முறைக்கு வருவோம். அளவுகள் எல்லாம் ஒரு கிலோ கணக்கில் இருக்கின்றன. முதல் தடவை ஒரு கிலோ மட்டும் போட்டுப் பாருங்கள். கை பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

மோர் மிளகாய்

தேவை: காம்போடு பச்சை மிளகாய் 1 கிலோ, கெட்டியான புளித்த மோர் ஒன்றரை லிட்டர், கல்லுப்பு 100 கிராம், வெந்தயப் பொடி ஒரு தேக்கரண்டி.

மிளகாயைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். காம்பைக் கிள்ள வேண்டாம். நுனிப்பக்கம் மட்டும் ஓர் அங்குலம் கீறிவிடுங்கள், அல்லது ஊசியால் நான்கைந்து இடத்தில் குத்துங்கள். உப்பும் வெந்தயமும் கலந்த மோரில் இரண்டு நாள் ஊறட்டும். மண்சட்டி, கல்சட்டி, பீங்கான், கண்ணாடி இவைதான் இதற்கு ஏற்றவை. புளித்த மோரை அலுமினியம், செம்பு, பித்தளையில் வைக்கக் கூடாது. மூன்றாம் நாள் காலை மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் பரப்புங்கள். மாலையில் அதே மோரில் மறுபடி போடுங்கள். மோர் முழுதும் மிளகாய்க்குள் இறங்கும் வரை, அதாவது மூன்று நான்கு நாள், இப்படியே செய்யுங்கள். பிறகு வெயில் மட்டும் போதும். வெளுத்து, குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். சுண்டைக்காய், மணத்தக்காளிக் காய்க்கும் இதே முறைதான். சுண்டைக்காயை மட்டும் லேசாகத் தட்டி, தண்ணீரில் அலசிவிட்டு மோரில் போடுங்கள். கசப்பு குறையும்.

மாங்காய் வற்றல்

தேவை: உதிர்ந்த மாங்காய் 1 கிலோ, கல்லுப்பு 100 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி.

அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, தோலோடு நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். உப்பும் மஞ்சளும் போட்டுக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். காலையில் தண்ணீர் விட்டிருக்கும். துண்டுகளைப் பகலில் காய வைத்து, மாலையில் அந்த உப்புத் தண்ணீரிலேயே போட்டு எடுங்கள். தண்ணீர் வற்றியபின் நான்கைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். தோல் வாரைப்போல வளைந்து, கையில் ஒட்டாமல் இருந்தால் எடுத்து வைக்கலாம். வற்றல் குழம்பிலும் பருப்பிலும் இதைப் போட்டால் புளியைப் பாதியாகக் குறைக்கலாம். ஆனால் குழம்புக்கு உப்புப் போடுமுன் இதில் உப்பு இருப்பதை நினைவில் வையுங்க.

கொத்தவரை வற்றல்

தேவை: முற்றாத கொத்தவரங்காய் 1 கிலோ, மோர் அரை லிட்டர், உப்பு 40 கிராம்.

காம்பும் நாரும் நீக்கி, கொதிக்கிற தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் மட்டும் போட்டு வடித்துவிடுங்கள். இப்படி வெந்நீர் காட்டினால் நிறமும் மாறாது, சீக்கிரமும் காயும். உப்பு மோரில் ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாளிலிருந்து காய வையுங்கள. ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும்.

தாளிப்பு வடகம்

சின்ன வெங்காயம் போட்ட எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியது இது. அறுவடை ஒரே சமயத்தில் வந்து விலை விழும்போது, வெங்காயத்தைப் பட்டறையில் காத்துக் கிடக்கிறோம். அதில் ஒரு பங்கையாவது வடகமாக மாற்றிவிட்டால் அழுகல் பயமில்லை.

தேவை: சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 100 கிராம், உளுத்தம்பருப்பு 100 கிராம், கடுகு 25 கிராம், சீரகம் 25 கிராம், வெந்தயம் 10 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு 30 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, விளக்கெண்ணெய் 25 மில்லி.

வெங்காயத்தையும் பூண்டையும் தோல் நீக்கி உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மின்சார அம்மியில் கூழாக அரைத்துவிட்டால் வடகம் உருட்ட வராது. உளுந்தைக் கழுவி ஒரு மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். எல்லாவற்றையும் விளக்கெண்ணெயோடு பிசைந்து, மூடி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் பிழிந்து உருண்டைகளாக உருட்டிக் காய வையுங்கள். சட்டியில் நிற்கிற சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். மாலையில் உருண்டைகளை அந்தச் சாற்றிலேயே போட்டுப் பிசைந்து, காலையில் மறுபடி உருட்டுங்கள். சாறு தீரும் வரை இப்படி. பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் வெயில். உருண்டையின் நடுப்பகுதி காய்வதுதான் தாமதமாகும். ஒன்றை உடைத்துப் பார்த்து, உள்ளே ஈரமில்லை என்று தெரிந்தபின் ஜாடியில் போடுங்கள். குழம்புக்கும் கீரைக்கும் ஒரு துண்டைக் கிள்ளித் தாளித்தால் தெருமுனை வரை மணக்கும்.

குருணைக் கூழ் வடகம்

தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா என்று பாரம்பரிய நெல் போடுகிறவர்களுக்குக் குருணை எப்போதும் மிஞ்சும். அதைக் கழுவி உலர்த்தி மாவாக்கிக்கொள்ளுங்கள். பழைய அரிசியின் குருணையாக இருந்தால் வடகம் நன்றாகப் பொரியும்.

ஒரு டம்ளர் மாவுக்கு ஐந்து டம்ளர் தண்ணீர். இரண்டு டம்ளர் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மூன்று டம்ளரைக் கொதிக்க வைத்து, அரைத்த பச்சை மிளகாய் நான்கு, சீரகம் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி போடுங்கள். கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல், கூழ் பளபளப்பாக வந்ததும் இறக்குங்கள். கூழில் உப்பு சற்றுக் குறைவாகத் தெரிந்தால்தான் காய்ந்தபின் சரியாக இருக்கும். ஆறியதும் எலுமிச்சைச் சாறு பிழிந்து, ஈரத்துணியில் கரண்டியால் ஊற்றுங்கள், அல்லது முறுக்கு அச்சில் பிழியுங்கள். மாலையில் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடகம் தானே பெயர்ந்து வரும். இன்னும் இரண்டு நாள் வெயில் போதும்.

வேலை செய்கிறவருக்குப் பானகம்

இத்தனையும் வெயிலில் நின்று செய்கிறோம். ஒரு லிட்டர் பானைத் தண்ணீரில் 100 கிராம் பனைவெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, தட்டிய ஏலக்காய் இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். வியர்வையில் போகிற உப்பும் தண்ணீரும் திரும்பக் கிடைக்கும். கடைக் குளிர்பானத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. வற்றலில் உப்பு கூடுதல். இரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பகுதி: நிழலில் ஒரு கைவேலை

குரோஷா நமக்கு என்ன உறவு?

ஒரே ஒரு கொக்கி ஊசியும் நூலும் கொண்டு, கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னுவதுதான் குரோஷா. பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் பலர் பார்த்திருப்பீர்கள். தொலைக்காட்சிப் பெட்டிமேல் விரிக்கிற அலங்காரம் என்றுதான் நம்ம ஊரில் நினைப்பு. ஆனால் இதற்கும் உழவுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை ஒரு கருகல் நோய் தாக்கியது. ஏழைக் குடியானவர்கள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகத்தைத்தான் நட்டிருந்தார்கள். ஒரு செடி அழுகியதும் ஊரே அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் அளவில் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டே போனார்கள். ஒரே ரகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் அடிக்கடி சொல்கிற பாடம்தான் இது. அந்தப் பஞ்சத்தில் பெண்களுக்குக் கைகொடுத்த தொழில்களில் ஒன்று குரோஷா. கன்னியர் மடங்களிலும் பள்ளிகளிலும் கற்றுக்கொடுத்தார்கள். மொனகன் மாவட்டத்துக் குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847-ல் இதைத் தொடங்கி வைத்தார். நூலும் ஊசியும் மட்டும் போதும் என்பதால், நிலம் கைவிட்ட வீடுகளில் பலவற்றுக்கு அதிலிருந்து சோறு கிடைத்தது.

நம்ம பக்கத்திலும் ஒரு கதை உண்டு. ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் நரசாபுரம் என்று ஓர் ஊர். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் சொல்லிக்கொடுத்த குரோஷா சரிகை அந்த ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் இன்றைக்கும் பேர் சொல்ல வைக்கிறது. ஜெர்மன் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: வீட்டு வேலையும் செய்து, ஒரு நாளில் பல மணி நேரம் சரிகை பின்னிய பெண்களை யாரும் தொழிலாளி என்று கணக்கில் எடுக்கவில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்’ என்று பேர் வைத்தார்கள். கூலி, வயல் வேலைக்குப் போகிற பெண்களுக்கு அரசு வைத்த குறைந்தபட்சக் கூலியைவிடவும் மிகக் குறைவு. சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பிய வியாபாரிகள் பணக்காரர்கள் ஆனார்கள்.

ஊசியைக் கையில் எடுக்குமுன் இந்த இரண்டு கதையையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று இந்த வேலையின் பலம், இன்னொன்று அதில் இருக்கிற குழி.

ஊசி, நூல்

5 மி.மீ. கொக்கி ஊசி ஒன்று. தையல் பொருள் கடையில் கிடைக்கும், மூங்கிலிலும் செதுக்கிக்கொள்ளலாம். நூலுக்குத் தடித்த பருத்தி நூல், சணல் இரண்டும் போதும். பளபளப்பான அக்ரிலிக் நூல் வேண்டாம், அதுவும் பிளாஸ்டிக்தான். நம்ம கரிசல் பூமியின் கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழை. மெல்லிய துணிக்கு அது தோதில்லை என்று ஆலைகள் ஒதுக்கும். ஆனால் இதுபோன்ற தடித்த நூலுக்கு அது பொருத்தம். மானாவாரிப் பருத்தி போடுகிற நண்பர்கள் கவனிக்க.

மூன்று அடிப்படைகள்

சங்கிலி: நூலில் சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். கொக்கியில் நூலைச் சுற்றி, முடிச்சுக்குள் இழுங்கள். ஒரு சங்கிலி ஆயிற்று. இதையே தொடருங்கள்.

ஒற்றைப் பின்னல்: கீழே உள்ள கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுங்கள். ஊசியில் இப்போது இரண்டு வளையம். மறுபடி நூலைச் சுற்றி, இரண்டு வளையத்துக்குள்ளும் ஒன்றாக இழுங்கள்.

இணைப்பு: கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை எடுத்து, ஊசியில் உள்ள வளையத்தையும் சேர்த்து ஒரே இழுப்பில் வெளியே எடுங்கள்.

நூலை இறுக்கிப் பிடித்தால் ஊசி நுழையாது. இரண்டு மாலை பழகினால் கை தானாக அளவு பிடித்துக்கொள்ளும்.

முதல் வேலை: பாத்திரம் தேய்க்கும் வட்டம்

சணல் கயிற்றில் பின்னுங்கள். 4 சங்கிலி போட்டு, முதல் சங்கிலியோடு இணைத்தால் ஒரு வளையம்.

1-ஆம் சுற்று: வளையத்துக்குள் 6 ஒற்றைப் பின்னல்.
2-ஆம் சுற்று: ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு. மொத்தம் 12.
3-ஆம் சுற்று: ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. மொத்தம் 18.
4-ஆம் சுற்று: இரண்டு கண்ணியில் ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு. மொத்தம் 24.

இப்படிச் சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டே போனால் 6-ஆம் சுற்றில் 36. உள்ளங்கை அளவு வட்டம் வந்துவிடும். சுற்று தொடங்கும் இடத்தில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைச் செருகி வைத்தால் எண்ணிக்கை தவறாது. கடைசியில் 12 சங்கிலி போட்டு அதே இடத்தில் இணைத்தால் மாட்டி வைக்க ஒரு காது. தேய்த்தபின் வெயிலில் காய வையுங்க. தேய்ந்ததும் மட்குக் குழியில் போடலாம். நைலான் நாரை அப்படிப் போட முடியாது. வேலியில் பீர்க்கங்கூடு காய்ந்து தொங்குகிற வீட்டுக்கு இதுவும் தேவையில்லை, அது அதைவிடச் சுலபம்!

இரண்டாவது: சந்தைக்கு வலைப்பை

பருத்தி நூல் 200 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதி மேலே சொன்ன அதே வட்டம்தான். அதை 8 சுற்று வரை கொண்டுபோனால் 48 கண்ணி இருக்கும்.

இனி வலை. 7 சங்கிலி போட்டு, இரண்டு கண்ணியை விட்டு மூன்றாவதில் ஒற்றைப் பின்னல். சுற்றி வந்தால் 16 வளைவுகள். அடுத்த சுற்றிலிருந்து 7 சங்கிலி போட்டு, கீழே உள்ள வளைவின் நடுவில் ஒற்றைப் பின்னல். இப்படி 14 சுற்று.

வாய்ப்பகுதிக்கு ஒவ்வொரு வளைவிலும் 3 ஒற்றைப் பின்னல் போட்டால் மறுபடி 48. அதன்மேல் இன்னும் இரண்டு சுற்று. அடுத்து கைப்பிடி: 12 கண்ணியில் ஒற்றைப் பின்னல், 50 சங்கிலி, 12 கண்ணியை விட்டுத் தாண்டுங்கள். மறுபடி 12 பின்னல், 50 சங்கிலி, 12 தாண்டல். இப்போது இரண்டு கைப்பிடி எதிரெதிரே வந்திருக்கும். சங்கிலிகளின் மேலும் சேர்த்து இரண்டு சுற்று ஒற்றைப் பின்னல் போட்டால் கைப்பிடி அறுக்காது.

தேங்காய், கத்தரி, சுரை, வாழைப்பூ எல்லாம் தாங்கும். வீட்டில் பூண்டு, மக்காச்சோளக் கதிர் போன்றவற்றைக் காற்றோட்டமாகத் தொங்கவிடவும் ஆகும். சின்ன வெங்காயத்துக்கு மட்டும் சங்கிலியை 7-லிருந்து 4-ஆகக் குறைத்துப் பின்னுங்கள். இல்லையென்றால் வழியெல்லாம் சிந்தும்.

மூன்றாவது: மோர்ப் பானைக்கு மூடுதுணி

மோர் மிளகாய் ஊறுகிற சட்டிக்குக் காற்றும் வேண்டும், ஈயும் விழக்கூடாது. பழைய மெல்லிய வேட்டியில் பானை வாயைவிட ஒரு சாண் பெரிதாகச் சதுரம் வெட்டி, ஓரம் மடித்துத் தையுங்கள். இந்த வேலைக்கு மட்டும் மெல்லிய நூலும் 2 மி.மீ. ஊசியும் வேண்டும். நூலில் முதலிலேயே பாசிமணிகளைக் கோத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் தையல் ஊசியால் அரை விரல் இடைவெளியில் கண்ணி போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஒற்றைப் பின்னல். அடுத்த சுற்றில் 2 சங்கிலி, ஒரு மணியைத் தள்ளி, மறுபடி 3 சங்கிலி, இரண்டு கண்ணியைத் தாண்டி ஒற்றைப் பின்னல். மணிகளின் கனத்தில் துணி பறக்காது. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியைக் கோக்காதீர்கள். அதன் பருப்பு கொடிய நஞ்சு, குழந்தைகள் கடித்துவிட்டால் உயிருக்கு ஆபத்து.

மூன்றாம் பகுதி: கூலிக் கணக்கு

வீட்டுக்குப் போக மிஞ்சினால் விற்கலாம். அங்கேதான் நரசாபுரத்துக் குழி இருக்கிறது. ‘வீட்டில் அம்மா செய்ததுதானே, கூலியா கொடுத்தோம்?’ என்று விலை வைக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

10 கிலோ சின்ன வெங்காயத்தில் தாளிப்பு வடகம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சந்தை கேட்கிற விலை கிலோ 15 ரூபாய். ஆக வெங்காயம் 150. பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், எண்ணெய் எல்லாம் சேர்த்து 510. பொட்டலத்துக்கு 40. மொத்தம் 700 ரூபாய். காய்ந்தபின் 4 கிலோவை ஒட்டி நிற்கும்.

இப்போது நேரம். உரிக்க 6 மணி, இடித்துப் பிசைய 3 மணி, பன்னிரண்டு நாள் பரப்பி, உருட்டி, எடுத்து வைக்க 9 மணி. மொத்தம் 18 மணி நேரம். எட்டு மணி நேர வேலைக்கு 400 ரூபாய் கூலி என்றால் மணிக்கு 50. கூலி மட்டும் 900 ரூபாய். அடக்கம் 1,600. அதாவது கிலோ 400 ரூபாய்க்கு விற்றால்தான் கூலியும் முதலும் கைக்கு வரும், லாபம் அதற்கும் மேலேதான்.

கடைக்காரர் ஒருவர் வந்து, ‘கிலோ 250 தர்றேன்கா, மொத்தமா எடுத்துக்கிறேன்’ என்கிறார். 4 கிலோவுக்கு 1,000 ரூபாய். ஆயிரம் ரூபாயைச் சுளையாகப் பார்த்ததும் சரி என்று தலையாட்டிவிடுவோம். முதலீடு 700 போனால் மிச்சம் 300. அதை 18 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 17 ரூபாய்கூட இல்லை. வெங்காயத்தைச் சந்தையில் மலிவாகத் தள்ளியபோது நஷ்டம் வெங்காயத்துக்கு. இங்கே வீட்டுப் பெண்ணின் உழைப்பும் சேர்ந்து போகிறது.

வலைப்பைக்கும் இப்படியே எழுதுங்கள். நூல் விலை, பின்னிய மணி நேரம், ஒரு மணிக்குக் கூலி. அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லையென்றால், அது நம்ம வீட்டுக்கும் உறவுக்கும் மட்டும் போதும். குறைத்து விற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏனென்றால் வீட்டில் பயன்படுத்தும்போது கடைக்குப் போகாத காசு அப்படியே மிச்சம்.

விற்பதென்று முடிவு செய்தால் இன்னும் மூன்று விஷயம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சிறு தயாரிப்பாளர்களுக்கென்று அடிப்படைப் பதிவு தனியே உண்டு. பொட்டலத்தில் என்னென்ன சேர்த்தோம், எப்போது செய்தோம், எது வரை வைக்கலாம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். மூன்றாவது, தனியாகப் போகாமல் நான்கைந்து வீடு சேர்ந்து போவது நல்லது. உரிக்கவும் இடிக்கவும் கை கூடும், எண்ணெயும் பருப்பும் மொத்தமாக வாங்கலாம். கேட்கிற விலைக்கு ‘முடியாதுங்க’ என்று சொல்லுகிற தைரியமும் கூட்டாக இருந்தால்தான் வரும்.

இந்த மாதத்துக்கான வேலை

முதல் வாரம், மேலே சொன்ன இரண்டு பட்டியலையும் எழுதுங்கள். இரண்டாம் வாரம், தோட்டத்தில் எது மிஞ்சுகிறதோ அதில் ஒரு கிலோ மட்டும் காய வையுங்கள். மூன்றாம் வாரம், பிள்ளைகளோடு உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கும் வட்டம் ஒன்று பின்னுங்கள். ஆண்பிள்ளைக்கும் ஊசியைக் கொடுங்கள், மீன்வலை பின்னுகிற கைகள் ஆண்களுடையவைதான். நான்காம் வாரம், எத்தனை மணி நேரம் யார் உழைத்தது என்பதைப் பண்ணைக் கணக்கு நோட்டில், உழவுக் கூலிக்கும் எருச் செலவுக்கும் அடுத்த வரியில், அந்தப் பெண்ணின் பெயரோடு எழுதி வையுங்கள்.

ஆடி மாதம் ஈரக்காற்று தொடங்குமுன் ஒருமுறை ஜாடிகளைத் திறந்து எல்லாவற்றையும் அரை நாள் வெயிலில் காட்டுங்கள். ஐப்பசி அடைமழையில் காய் விலை ஏறும்போது உங்க வீட்டுக் குழம்புக்கு அது ஆகும்.